ஆழ்கடல் மீனும் பாதரசமும்: எந்த மீன், யாருக்கு, எவ்வளவு?

செவுளைத் தூக்கிப் பார்த்து, வயிற்றை அழுத்திப் பார்த்து மீன் வாங்கத் தெரிந்தவர்களுக்கும் பாதரசம் பிடிபடாது. அதற்கு நிறமில்லை, வாடையில்லை, ருசியில்லை. விடியற்காலையில் கரைக்கு வந்த சுறாவிலும் அது இருக்கும், பத்து நாள் ஐஸில் கிடந்த சுறாவிலும் அதே அளவு இருக்கும். மீன் புதியதா பழையதா என்பதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை. எந்த இனம், எவ்வளவு பெரியது, கடலில் எந்த ஆழத்தில் இரை தேடியது என்ற மூன்றுதான் கணக்கு.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பாதரசத்துக்குப் பயந்து மீனையே நிறுத்துவது பெரிய தவறு. இங்கிலாந்தின் பிரிஸ்டல் வட்டாரத்தில் பல ஆயிரம் கர்ப்பிணிகளையும் அவர்கள் பெற்ற பிள்ளைகளையும் வருடக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தார்கள். வாரம் 340 கிராமுக்குக் குறைவாக மீன் சாப்பிட்ட தாய்மாரின் பிள்ளைகள்தான் மொழித்திறன் சோதனையில் பின்தங்கியிருந்தார்கள். 2007-இல் வெளிவந்த முடிவு இது. மீனை விட வேண்டாம், மீனை மாற்றினால் போதும். எப்படி மாற்றுவது என்பதுதான் இந்தக் கட்டுரை.

கழுவினால் போகாது, ஏன்?

நிலக்கரிப் புகையிலிருந்தும், பாதரசம் கலந்து பொன் பிரிக்கும் சிறு சுரங்கங்களிலிருந்தும், எரிமலைகளிலிருந்தும் கிளம்பும் பாதரசம் கடைசியில் கடலில் வந்து படிகிறது. பிராணவாயு குறைந்த நீரிலும் சேற்றிலும் வாழும் சில நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. நமக்குக் கேடு செய்வது இந்த வடிவம்தான். மீன் தசையில் இருக்கும் பாதரசத்தில் பெரும்பகுதி இதுவே. மிதவை உயிரிகளிடமிருந்து மத்திக்கும், மத்தியிடமிருந்து சூரைக்கும், சூரையிடமிருந்து சுறாவுக்கும் ஏறிக்கொண்டே போகும். மீன் அதை மெதுவாகத்தான் வெளியேற்றும் என்பதால், வயது கூடக் கூடச் சேர்மானமும் கூடும்.

மெத்தில் பாதரசம் கொழுப்பில் தங்குவதில்லை. தசைப் புரதத்திலுள்ள கந்தகத்தைப் பிடித்துக்கொண்டு சதை முழுவதும் பரவி நிற்கும். அதனால் தோலை உரிப்பதும், கொழுப்பை நீக்குவதும், மஞ்சள்தூள், கல்லுப்பு, புளித்தண்ணீர், எலுமிச்சைச்சாறு போட்டு அலசுவதும் இதற்கு உதவாது. சுறாத் துண்டை மஞ்சள் போட்டு நாலு தண்ணீரில் அலசினால் அந்த மூக்கைத் துளைக்கும் நெடி குறையும். அது சுறாவின் உடம்பிலுள்ள யூரியா சிதைந்து வரும் அமோனியா நெடி. நெடி போனதும் நஞ்சும் போய்விட்டது என்று நிறைய பேர் நம்புகிறார்கள், அது உண்மையல்ல. வறுத்தால் நீர் வற்றி, கிராம் கணக்கில் பாதரசம் கொஞ்சம் கூடத்தான் செய்யும். ஆக, வீட்டு அடுப்பில் செய்வதற்கு ஒன்றுமில்லை. செய்ய வேண்டியதை மீன்கடையில்தான் செய்ய வேண்டும்.

முதல் படி: மீனை அடையாளம் காணுங்கள்

சந்தையில் ‘ஆழ்கடல் மீன்’ என்ற பெயர் இரண்டு வேறு பொருளில் புழங்குகிறது. கரையிலிருந்து வெகுதூரம் போய்ப் பிடித்து வந்தது என்பது ஒன்று. உண்மையிலேயே சில நூறு மீட்டர் ஆழத்தில் இரை தேடும் மீன் என்பது மற்றொன்று. பாதரசக் கணக்கில் இரண்டாவதைத்தான் கவனிக்க வேண்டும். ஹவாய்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-இல் இதைத் தெளிவாகக் காட்டினார்கள்: ஒரே கடலில் வாழும் வேட்டை மீன்களிலேயே, ஆழத்தில் மேய்பவற்றில் பாதரசம் கூடுதல், மேல்மட்டத்தில் மேய்பவற்றில் குறைவு. காரணம் வெயில். மேல்நீரில் மெத்தில் பாதரசத்தைச் சூரிய ஒளி சிதைத்துவிடுகிறது. வட பசிபிக்கில் இப்படிச் சிதைவது 80 சதவீதம் வரை இருக்கலாம் என்று 2013-இல் கணித்தார்கள். வெளிச்சம் எட்டாத ஆழத்தில் அந்த வேலை நடப்பதில்லை.

இதற்கு நல்ல உதாரணம் சூரை. மஞ்சள் துடுப்புச் சூரை பெரும்பாலும் மேல்நீரில் மேய்வது. பெருங்கண் சூரை பகலில் 300 முதல் 500 மீட்டர் ஆழத்துக்கு இறங்கி இரை பிடிப்பது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் சராசரிக் கணக்கில் மஞ்சள் துடுப்பில் 0.35 பிபிஎம் (ஒரு கிராம் மீனில் 0.35 மைக்ரோகிராம் பாதரசம்), பெருங்கண்ணில் 0.69 பிபிஎம். துண்டு போட்டு வைத்தால் இரண்டும் ஒரே சிவப்புச் சதைதான். முழு மீனாக இருக்கும்போது பாருங்கள். வளர்ந்த மஞ்சள் துடுப்பில் முதுகிலும் அடியிலும் அரிவாள் போல நீண்ட மஞ்சள் துடுப்புகள் இருக்கும். பெருங்கண்ணின் உடல் குண்டு, கண் பெரிது. குட்டிகளை வேறுபடுத்துவது பழகியவர்களுக்கும் கடினம். குட்டியில் பாதரசமும் குறைவுதான் என்பதால் அதில் தடுமாறினாலும் பெரிய நட்டமில்லை.

துண்டு மீன் வாங்கும்போதுதான் ஏமாற்றம் அதிகம். மூக்கு நீண்ட தளபத்து, மயில் மீன் வகைகளையும் சுறாவையும் தலை, வால் நீக்கி, முள்ளில்லாத சதை என்று அடுக்கியிருப்பார்கள். மூன்று விஷயம் பாருங்கள். தோல் ஒட்டியிருந்தால் வாலிலிருந்து தலைப்பக்கமாக விரலை ஓட்டுங்கள். உப்புத்தாள் மாதிரி சொரசொரத்தால் அது சுறா. நடு எலும்பைக் கத்தி முனையால் குத்துங்கள். எலும்பாக இல்லாமல் குருத்தாக வளைந்து கொடுத்தாலும் சுறாவோ திருக்கையோதான். பிறகு துண்டின் அகலம். வட்டத் துண்டு உங்கள் விரித்த கையை விடப் பெரிதாக இருந்தால் அது பல வருடம் வாழ்ந்த பெரிய வேட்டை மீன். பெயர் என்ன சொன்னாலும், வீட்டில் கர்ப்பிணியோ குழந்தையோ இருந்தால் அந்தத் துண்டைத் தவிர்த்துவிடுங்கள்.

வஞ்சிரத்தைப் பற்றி ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். அமெரிக்கத் தவிர்ப்புப் பட்டியலிலுள்ள ‘கிங் மாக்கரல்’ நம் வஞ்சிரம்தான் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். அது அட்லாண்டிக் பக்கத்து மீன். வஞ்சிரத்துக்கு (நெய்மீன், அறுக்குளா என்பதும் அதுவே) ஒரே குடும்பத்துச் சொந்தம், ஆனால் வேறு இனம். அதற்காக வஞ்சிரத்தை அளவில்லாமல் சாப்பிடலாம் என்று ஆகிவிடாது. அதுவும் வேட்டை மீன், இரண்டு மீட்டருக்கு மேலும் வளரும். ஒன்று ஒன்றரைக் கிலோ முழு மீனாக வாங்குவது, பத்துக் கிலோ மீனின் நடுத்துண்டை வாங்குவதை விடப் பாதுகாப்பு. நடுத்துண்டுக்குத்தான் விலை என்ற நம் பழக்கம் இங்கே நமக்கு எதிராக வேலை செய்கிறது.

வெளிநாட்டில் இருப்பவர்கள் பெயரில் ஏமாறக் கூடாது. ஆஸ்திரேலியாவில் பொரித்த மீன் கடையில் ‘ஃபிளேக்’ என்றால் சுறா. அங்கே ‘டீப் சீ பெர்ச்’ என்ற பெயரில் வருவது ஆரஞ்ச் ரஃபி. நூறு வருடத்துக்கு மேலும் வாழக்கூடிய நிஜமான ஆழ்கடல் மீன் அது. இங்கிலாந்தில் ‘ராக் சால்மன்’ என்பது சிறு சுறா. சால்மனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இரண்டாம் படி: கணக்குப் போடுங்கள்

கணக்கு மிக எளிது. பிபிஎம் என்பது ஒரு கிராம் மீனில் எத்தனை மைக்ரோகிராம் பாதரசம் என்பதுதான். மீனின் எடையை கிராமில் எடுத்து பிபிஎம் அளவால் பெருக்கினால் உங்கள் வயிற்றுக்குள் போகும் மைக்ரோகிராம் கிடைத்துவிடும்.

உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு 2003-இல் வைத்த வரம்பு: உடல் எடையில் ஒரு கிலோவுக்கு வாரம் 1.6 மைக்ரோகிராம் மெத்தில் பாதரசம். வயிற்றிலிருக்கும் கருவை மனதில் வைத்துப் போட்ட வரம்பு இது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012-இல் இன்னும் இறுக்கி 1.3 என்று வைத்தது. 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 1.6-இன்படி வாரம் 96 மைக்ரோகிராம்.

மேலே சொன்ன அமெரிக்கச் சராசரிகளை வைத்தே பாருங்கள். வாள்மீன் 100 கிராம் சாப்பிட்டால் ஏறக்குறைய 100 மைக்ரோகிராம். ஒரே வேளையில் அந்த வாரக் கணக்கு தீர்ந்தது. சுறா 98. பெருங்கண் சூரை 69. மஞ்சள் துடுப்பு 35. வரிச்சூரை 14. நெத்திலி 1.6, மத்தி வகை 1.3. மத்தியில் அந்த 96-ஐ எட்ட வேண்டுமென்றால் வாரத்தில் 7 கிலோவுக்கு மேல் சாப்பிட வேண்டும்!

குழந்தைக்குப் போடும்போது எடையை மறக்காதீர்கள். 15 கிலோ பிள்ளைக்கு வாரம் 24 மைக்ரோகிராம்தான். பெரியவர் தட்டிலிருந்து 50 கிராம் சுறாப் புட்டை எடுத்து ஊட்டினால் 49 ஆகிவிடும், இரட்டிப்பு.

இவை சராசரிகள். ஒரே இனத்தில் ஒரு மீனுக்கும் இன்னொரு மீனுக்கும் இரண்டு மூன்று மடங்கு வித்தியாசம் வரும். அதனால் வரம்பின் விளிம்பு வரை போகாமல், பாதியளவில் நிறுத்திக்கொள்வதே எங்கள் யோசனை.

மூன்றாம் படி: செலினியத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

மீனில் பாதரசத்தோடு கூடவே அதற்கு மாற்றும் இருக்கிறது. அதுதான் செலினியம். மூளையையும் மற்ற உறுப்புகளையும் ஆக்சிஜன் சேதத்திலிருந்து காக்கும் சில நொதிகளின் மையத்தில் செலினியம் உட்கார்ந்திருக்கிறது. மெத்தில் பாதரசம் அந்தச் செலினியத்தைப் பிடித்தால் விடாது, நொதி முடங்கிப்போகும். பாதரசத்தின் கேட்டில் ஒரு பெரும்பங்கு இப்படிச் செலினியத்தைப் பறிப்பதால் வருவது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. எனவே மீனில் பாதரசத்தை விட செலினியம் தாராளமாக இருந்தால், பறிபோனது போக உடம்புக்கு மிச்சம் இருக்கும்.

ஒப்பிடும்போது எடையை வைத்து ஒப்பிடக் கூடாது, அணு எண்ணிக்கையை வைத்து ஒப்பிட வேண்டும். பாதரச அணு செலினிய அணுவைப் போல 2.54 மடங்கு கனமானது. ஆகவே செலினிய பிபிஎம்மை 2.54 ஆல் பெருக்கி, பாதரச பிபிஎம்மால் வகுங்கள். விடை 1-க்குக் கீழே வந்தால் பாதரசம் மிஞ்சி நிற்கிறது என்று பொருள். மஞ்சள் துடுப்புச் சூரையில் செலினியம் சுமார் 0.9, 0.9 × 2.54 ÷ 0.354 = 6.5 அளவில் வருகிறது. சுறாவில் செலினியம் சுமார் 0.37, பாதரசம் 0.98, விடை 1-க்குச் சற்றுக் கீழே. டின் மத்தியில் நூறை ஒட்டி வருகிறது. கடல்மீன்களில் பெரும்பாலானவை 1-க்கு மேலேதான் நிற்கும். 1-க்குக் கீழே விழுகிறவை சுறா மாதிரி சிலவும், மீனல்லாத பைலட் திமிங்கலமும்.

உலகின் இரண்டு பெரிய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணாகத் தெரிந்ததற்கும் இதைத்தான் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். வட அட்லாண்டிக்கின் ஃபாரோ தீவுகளில் தாயின் பாதரசம் கூடியபோது பிள்ளைகளின் நினைவாற்றல், கவனம், மொழி ஆகியவை பின்தங்கின. இந்தியப் பெருங்கடலின் செஷல்ஸ் தீவுகளில் தாய்மார் வாரம் சராசரியாக 12 வேளை மீன் சாப்பிட்டும் அப்படித் தெளிவான கேடு தென்படவில்லை. ஃபாரோவில் பாதரசத்தின் பெரும்பகுதி வந்தது பைலட் திமிங்கல இறைச்சியிலிருந்து. செஷல்ஸில் பலவகைக் கடல்மீனிலிருந்து. 2008-இல் ஃபாரோவின் தலைமை மருத்துவ அலுவலர்களே திமிங்கல இறைச்சி மனிதர் உண்ணத் தக்கதல்ல என்று சொல்லிவிட்டார்கள்.

ஆனால் இந்த விகிதத்தை அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாடுகள் விதிக்கும் வரம்புகள் இன்றும் பாதரச அளவை வைத்தே இருக்கின்றன, செலினிய விகிதத்தை வைத்து அல்ல. செலினியம் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டுச் சுறா சாப்பிடலாம் என்ற எண்ணமும் வேண்டாம். ஒரு நாளைக்குப் பெரியவருக்குத் தேவை 55 மைக்ரோகிராம், கர்ப்பிணிக்கு 60. அமெரிக்கக் கணக்கில் மேல்வரம்பு 400, ஐரோப்பாவில் 2023-இல் 255 ஆகக் குறைத்துவிட்டார்கள். நாள்கணக்கில் மிஞ்சினால் முடி கொட்டும், நகம் உடையும், மூச்சில் பூண்டு வாடை வரும். மீன், முட்டை, பருப்பு சாப்பிடுகிற வீட்டில் மாத்திரைக்கு வேலையே இல்லை.

செலினியத்தைப் போலவே ஒமேகா 3 கொழுப்பு, அதிலும் டிஎச்ஏ என்ற வகை, கருவின் மூளைக்கும் கண்ணுக்கும் அவசியம். கர்ப்ப காலத்தில் நாளைக்கு 200 மில்லிகிராம் டிஎச்ஏ வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. மத்தியும் கானாங்கெளுத்தியும் இதைத் தாராளமாகத் தரும். எண்ணெயில் முக்கிப் பொரித்தால் இந்தக் கொழுப்பில் ஒரு பகுதி சட்டி எண்ணெயில் இறங்கிவிடும். குழம்பில் வைத்தால் குழம்போடு வயிற்றுக்குப் போகும். நெத்திலியை முள்ளோடு சாப்பிட்டால் சுண்ணாம்புச் சத்தும் சேரும்.

நான்காம் படி: வாரத் திட்டம்

ஒரு வேளை என்பது சமைக்கும் முன் சதையாக 110 கிராம், அதாவது விரல் நீங்கலாக உள்ளங்கை அளவு. சிறு மீனில் தலை, குடல், முள் போனால் பாதியை ஒட்டித்தான் சதை தேறும் என்பதால், நாலு பேருக்கு ஒரு வேளைக்கு ஒரு கிலோ மத்தி சரியாக இருக்கும்.

கர்ப்பிணி, பாலூட்டும் தாய், பிள்ளை பெறும் எண்ணமுள்ள பெண் ஆகியோருக்கு வாரம் இரண்டிலிருந்து மூன்று வேளை. மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி, காரப்பொடி, கிழங்கான், மடவை, இறால், கணவாய் இவற்றில் எதை வேண்டுமானாலும் மாற்றி மாற்றி வைக்கலாம். சிறு வஞ்சிரம், மஞ்சள் துடுப்புச் சூரை, கலவா மாதிரி பாதரசம் நடுத்தரமாக உள்ள மீனுக்கு ஆசைப்பட்டால் அந்த வாரம் ஒரே ஒரு வேளை, அந்த வாரம் வேறு மீன் வேண்டாம். சுறா, வாள்மீன், தளபத்து, பெருங்கண் சூரை ஆகியவற்றை அடியோடு தவிருங்கள். பெரிய மீனின் ஈரலும் வேண்டாம். பாதரசம் ஒரு பக்கம், கர்ப்பத்தில் கூடக் கூடாத வைட்டமின் ஏ இன்னொரு பக்கம்.

குழந்தைகளுக்கு ஒரு வேளை அளவு: 1 முதல் 3 வயது வரை 28 கிராம், 4 முதல் 7 வரை 57, 8 முதல் 10 வரை 85, 11 வயதில் 113. வாரம் இரண்டு வேளை, சிறு மீன் மட்டும்.

மற்றப் பெரியவர்கள் மாதம் ஒருமுறை சுறாப் புட்டு சாப்பிட்டால் பதற வேண்டியதில்லை. வாராவாரம் அதுவே என்றால் மாற்றிக்கொள்ளுங்கள்.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறா: என்ன செய்யலாம்?

நம் வீடுகளில் இது ஆழமாக வேரூன்றிய பழக்கம், அன்பினால் வந்த பழக்கமும்கூட. ‘பால் சுறா போட்டாத்தான் பால் ஊறும்’ என்று அம்மா சமைத்து வைத்ததை வேண்டாமென்று தள்ளுவது எந்த மகளுக்கும் எளிதல்ல. உண்மையான பால் சுறா சிறிய இனம், ஒரு மீட்டர் அளவில்தான் வளரும். பெரிய சுறாக்களைப் போல அதில் பாதரசம் ஏறியிருக்காது. சிக்கல் என்னவென்றால், சந்தையில் எந்தச் சுறாவின் குட்டியும், சில நேரம் பெரிய சுறாவின் துண்டும், அதே பெயரில் போகிறது.

பழக்கத்தை முறிக்காமலே மாற வழி இருக்கிறது. பிள்ளை பெற்றவளுக்குக் காரப்பொடி கொடுப்பதும் நம் கடற்கரையின் பழைய வழக்கம்தான். அம்மாவிடமோ அத்தையிடமோ ‘சுறா வேண்டாம்’ என்று நிறுத்தாமல், ‘காரப்பொடி வாங்கி, பூண்டு நிறையப் போட்டு, மிளகுச் சாறா வச்சுத் தாங்க’ என்று கேளுங்கள். அவர்கள் கைப்பக்குவமும் வீணாகாது. ஏற்கெனவே இரண்டு மூன்று முறை சுறா சாப்பிட்டுவிட்டீர்கள் என்றால் அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்திவிடாதீர்கள். தாய்ப்பாலில் இறங்கும் மெத்தில் பாதரசம், கர்ப்பத்தில் தொப்புள்கொடி வழியே போவதை விட மிகக் குறைவு.

கருவாடு, மாசி, டின்

காயும்போது போவது தண்ணீர் மட்டுமே, பாதரசம் அப்படியே நிற்கும். ஒரு கிலோ சுறா காய்ந்து முக்கால் பங்கு எடை குறைந்தால், கிராமுக்குப் பாதரசம் நாலு மடங்கு. சுறாக் கருவாடு 30 கிராமும் பச்சைச் சுறா 100 கிராமும் ஏறக்குறைய ஒன்று. நெத்திலிக் கருவாட்டில் இந்தப் பயமில்லை, அதில் பார்க்க வேண்டியது உப்பைத்தான். மாசி பெரும்பாலும் வரிச்சூரையில் செய்வது; சம்பலுக்கு ஒரு கரண்டி இடித்துப் போடுகிற அளவுக்குக் கவலை தேவையில்லை.

சூரை டின்னில் ‘லைட்’ என்றிருந்தால் பெரும்பாலும் வரிச்சூரை, 0.13 பிபிஎம் அளவு. ‘ஒயிட்’ அல்லது ‘அல்பகோர்’ என்றிருந்தால் 0.35, கிட்டத்தட்ட மூன்று மடங்கு. இலங்கையில் டின் மீன் வாங்குவோர் ‘மாக்கரல்’ என்று எழுதியிருப்பதை எடுத்தால் போதும். மீனெண்ணெய் மாத்திரையில் பாதரசம் மிகக் குறைவு. அது புரதத்தில் ஒட்டுவது, எண்ணெயில் அல்ல.

ஏற்கெனவே நிறையச் சாப்பிட்டுவிட்டால்

உடம்பிலுள்ள மெத்தில் பாதரசம் பாதியாகக் குறையச் சுமார் 50 நாள் ஆகும்; சிலருக்கு இன்னும் கூடும். சிறு மீனுக்கு மாறினால் 100 நாளில் கால் பங்கு, 150 நாளில் அரைக்கால் பங்கு. பிள்ளை பெறத் திட்டமிடும் பெண்கள் கர்ப்பம் உறுதியான பிறகு மாறுவதை விட ஐந்தாறு மாதம் முன்னதாக மாறுவதற்குக் காரணம் இதுதான்.

வாராவாரம் பெரிய மீன் சாப்பிட்டு வந்தவர்கள், விரல் நுனியிலோ உதட்டைச் சுற்றியோ மரத்துப்போவது, நடையில் தள்ளாட்டம், பார்வை ஓரங்களில் குறுகுவது போன்றவை இருந்தால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். 1956-இல் ஜப்பானின் மினமாட்டாவில் ஆலைக் கழிவு கலந்த விரிகுடா மீனைத் தின்றவர்களிடம் இதே குறிகள்தான் மிகக் கடுமையாக வந்தன. நாம் சாதாரணமாகச் சாப்பிடும் அளவில் அந்த நிலை வருவது மிக அரிது. பெரும்பாலும் மரமரப்புக்குச் சர்க்கரை நோயோ பி12 குறைவோதான் காரணமாக இருக்கும் என்பதால், அவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பரிசோதனை வேண்டுமென்றால் இரத்தம் அல்லது தலைமுடி. முடி மாதம் ஒரு சென்டிமீட்டர் வளரும். தலைத்தோலை ஒட்டி வெட்டிய மூன்று சென்டிமீட்டர் கடந்த மூன்று மாதத்தைக் காட்டும். மீன் சாப்பிடும் பெண்ணுக்கு ஒரு கிராம் முடியில் 1 மைக்ரோகிராம் அளவில் இருந்தால் அது அமெரிக்காவின் மிக இறுக்கமான வரம்புக்கு ஒத்தது. சாயம், பெர்ம் செய்த முடியில் அளவு தவறாக வரும், அதை ஆய்வகத்தில் முன்கூட்டியே சொல்லுங்கள். ‘உடம்பிலிருந்து உலோகத்தை இறக்குகிறோம்’ என்று பொடியும் ஊசியும் விற்பவர்களிடம் போகாதீர்கள், கர்ப்பத்தில் கண்டிப்பாகக் கூடாது. மீனை மாற்றி, மூன்று மாதம் கழித்து அதே ஆய்வகத்தில் மறுபடி பாருங்கள். எண் இறங்கியிருக்கும்.